டெரியில் ஒரு புள்ளடி

கிறகரிக்கு அன்று வேலையே ஓடவில்லை. மொன்றியல் துறைமுகக் கிடங்கில் பதினெட்டு வருடமாக ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற ஐரிஷ்காரன், காலையிலேயே இரண்டு அடுக்குப் பெட்டிகளைக் கவிழ்த்துவிட்டான். 1998 மே 22. சமாதான ஒப்பந்தத்தை ஏற்பதா இல்லையா என்று அவன் ஊரில் வாக்கெடுப்பு.

நாடு என்ன சொல்லும் என்பதைவிட, வட அயர்லாந்தின் டெரி நகரத்தில் இருக்கும் அம்மா என்ன செய்வாள் என்பதுதான் அவன் கவலை. மனுஷி லேசுப்பட்டவள் இல்லை. அவளுடைய தகப்பன் பிரிட்டிஷாருக்கு எதிரான 1916 எழுச்சியில் துப்பாக்கி தூக்கியவர். 21-இல் நாட்டை இரண்டாக்கிய கையெழுத்தைச் சாகும்வரை மன்னிக்காதவர். புருஷனை 72-இல் பிரிட்டிஷ் படையினர் தெருவில் வைத்துச் சுட்டுக் கொன்றார்கள். ‘அவர்களுடைய வாக்குச்சீட்டில் என் கை படாது’ என்று, எண்பத்திரண்டு வயது வரை ஒரு தேர்தலிலும் புள்ளடி போடாதவள். அவள் ஏற்காத சமாதானம் தனக்கு எதற்கு என்று கிறகரி புலம்பிக்கொண்டே இருந்தான்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் கூட்டாளி இரவிச்சந்திரன்தான் அவனை டெலிபோனுக்கு இழுத்துப்போனான். எந்தக் கார்டில் எந்த நாட்டுக்கு இரைச்சலில்லாமல் கதைக்கலாம் என்பதில் யாழ்ப்பாணத்தானை மிஞ்ச ஆளில்லை. கிடங்கில் மூத்தவரான சிவநேசம் அண்ணையும் சோற்றுப் பெட்டியோடு பின்னால் வந்தார்.

தாயும் மகனும் ஐரிஷ் மொழியில் கதைத்தார்கள். கிறகரி ஏதோ கேட்டான். இரவி காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். எந்த மொழியானால் என்ன, ஓமா இல்லையா என்பது கேட்டால் தெரியாதா? மறுமுனையிலிருந்து “ரின் மே” என்று மட்டும் வந்தது. கிறகரி சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான்.

“என்னவாம்?” என்றார் சிவநேசம்.

“மனிசி மாட்டன் எண்டிட்டா போல, அண்ணை.” பாவம் என்று இரவி கிறகரியின் முதுகைத் தடவினான்.

கிறகரி திரும்பினான். மூக்கு ஒழுக, முகமெல்லாம் சிரிப்பு. ‘செய்தாயா?’ என்று கேட்டானாம், ‘செய்தேன்’ என்றாளாம். ஆம் என்பதற்கு அவர்கள் மொழியில் தனிச் சொல்லே கிடையாதாம், கேட்ட வினையைத் திருப்பிச் சொல்வார்களாம். மகள் காரோடு வந்தும் ஏறாமல், புருஷனின் படத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, வாக்குச்சாவடிக்கு நடந்தே போயிருக்கிறாள் அந்தக் கிழவி.

“என் அம்மா ஆம் என்று போட்டுவிட்டாள்!” என்று கத்திக்கொண்டு கிறகரி கிடங்குக்குள் ஓடினான். கண்டவனையெல்லாம் கட்டிப்பிடித்தான். இரவிக்கும் தன் தாயே போட்டதுபோல் நெஞ்சு நிமிர்ந்தது.

“பார் இரவி, ‘ஓம்’ எண்டொரு சொல்லே இல்லாத சனம் ஓம் எண்டு சொல்லிப்போட்டுது” என்றார் சிவநேசம், சோற்றைப் பிசைந்தபடி.

“எங்களிட்டைச் சொல் இருக்கு, அண்ணை” என்றான் இரவி. “ஆராவது வந்து கேக்கவேணும்.”