கனிவான கவனத்திற்கு

ஒரு நாட்டைத் தாங்கி நிற்பது அதன் சட்டமும் அல்ல, படையும் அல்ல. நிதானம் தவறாத ஒரு குரல்தான். இது ரயில் நிலைய அறிவிப்பாளரின் ஆழ்ந்த நம்பிக்கை. அந்தக் குரல் தன்னுடையது என்பதிலும் அவருக்குச் சந்தேகம் இருந்ததில்லை. அது அன்றாடம் நாட்டுக்குச் சொன்னதெல்லாம், வரவேண்டிய வண்டி வரவில்லை என்பதையும் அதற்காக வருந்துகிறோம் என்பதையும்தான். வருந்துவது யார் என்று எந்தப் பயணியும் கேட்டதில்லை. அறிவிப்பாளரும் வருந்தியதில்லை. மைக்கை அணைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்.

வீட்டிலும் அந்தக் குரல்தான் ஆட்சி செய்தது. போன மழைக்காலத்தில் குளியலறைக் கதவு ஊறிப் பெருத்து, இழுத்த இழுப்பில் தாழ்ப்பாள் கையோடு வந்துவிட்டது. புதிதாக ஒன்றை மாட்டச் சொன்னாள் மனைவி. குரல் இருக்கிற வீட்டுக்குத் தாழ்ப்பாள் எதற்கு என்று அவர் உடனே ஒரு சட்டம் இயற்றினார். உள்ளே இருப்பவர் குரல் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். வெளியே இருப்பவர் அதைக் கேட்டு விலகிப் போக வேண்டும். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மனைவி உள்ளே போனால் இருமுவாள். சளி மருந்து விற்கிறவளுக்கே சளியா என்று அவர் சிரிப்பார். அவர் தன் தொழிலையே உள்ளேயும் பார்த்தார். மகள் அப்பாவிடமிருந்து பிடித்துக்கொண்டாள். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று அவள் மூக்கால் தொடங்கினால் ஏற்ற இறக்கம் ஒரு இம்மி பிசகாது. ரத்தம் பேசுகிறது என்று அவருக்குப் பூரிப்பு தாங்காது.

ரத்தம் பள்ளிக்கூடத்திலும் பேசிவிட்டது. அந்த ஆண்டுதான் மகளைப் பெரிய பள்ளி ஒன்றுக்கு மாற்றியிருந்தார்கள். கல்வி எங்கும் கிடைக்கும், கனிவு இங்கே மட்டும்தான் என்று நுழைவாயிலில் எழுதி வைத்திருந்த பள்ளி. அங்கே கழிவறைக் கதவுகளில் பளபளவென்று தாழ்ப்பாள்கள் இருந்தன. மகள் தாழ்ப்பாளும் போட்டாள். பழக்கதோஷத்தில் அறிவிப்பும் செய்தாள். கதவைத் திறந்தபோது வெளியே ஒரு கூட்டமே வாயைப் பொத்திக்கொண்டு நின்றது. அன்றோடு அவள் பெயர் ரேடியோ ஆயிற்று. அதன்பிறகு அவள் வாயே திறக்காமல் உள்ளே உட்கார்ந்தாலும் கதவைத் தட்டி, "ரேடியோ, வண்டி கிளம்பிடுச்சா, லேட்டா?" என்று கேட்டார்கள். வகுப்பு ஆசிரியையும் ஒருநாள் வருகைப் பதிவின்போது ரேடியோ என்று கூப்பிட்டுவிட்டு, தமாஷாக எடுத்துக்கொள்ளத் தெரிய வேண்டும் என்று புத்தியும் சொன்னாராம்.

மகள் கழிவறைக்குப் போவதை நிறுத்தினாள். போகாமல் இருப்பதற்காகத் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினாள். காய்ச்சல் வந்து, அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்த பிறகுதான் வீட்டுக்கு விஷயம் தெரிந்தது. இன்னொரு தடவை இப்படி வந்தால் சிறுநீரகத்தில் போய் நிற்கும் என்று டாக்டர் சொன்னார். மனைவி மாத்திரைகளின் பெயரை இரண்டு தடவை படித்தாள். நோய் எவ்வளவு முற்றினால் அவற்றைக் கொடுப்பார்கள் என்று மருந்துக்கடைக்காரிக்குத் தெரியும்.

பள்ளிக்குப் போய்ப் பேசுவதென்று முடிவாயிற்று. மனைவிக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. பள்ளியில் கனிவு அறை என்று ஓர் அறை இருக்கிறது. அதை ஒட்டி ஆசிரியர்களுக்கென்று தனிக் கழிவறை இருப்பதைச் சேர்க்கையின்போதே பார்த்திருந்தாள். இடைவேளையில் மகளை அங்கே போக விட்டால் போதும். அறிவிப்பாளரோ ஒரு பேருரையே தயாரித்திருந்தார். அதில் கண்ணியம் இருந்தது, எதிர்காலத் தலைமுறை இருந்தது. கழிவறை என்ற சொல் மட்டும் இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டே மனைவிக்கு ஒரு நிபந்தனை போட்டார்.

"கேலி பண்றாங்கன்னு சொல்லு. எதுக்குன்னு மட்டும் சொல்லாத."

"கேட்டா?"

"கேட்டா நான் சமாளிச்சுக்கறேன். நம்ம வீட்டுக் கதவு லட்சணத்த ஊருக்கே அறிவிக்கணுமா?"

"இத்தனை நாளா நீங்கதானே உள்ள உக்காந்து அறிவிச்சிட்டிருந்தீங்க," என்றாள் மனைவி.

கனிவு அறையைத் திறக்கச் சற்று நேரம் பிடித்தது. சாவி முதல்வரின் மேசையில் இருந்தது. பிள்ளைகள் வந்து போனால் அழுக்காகிவிடும் என்பதால் பூட்டியே வைத்திருந்தார்கள். சுவரில் ‘உன் மனம் இங்கே பேசட்டும்’ என்று ஒரு படம். மூலையில் ஆள் உயரத்துக்கு ஒரு பொம்மைக் கரடி, அழும் பிள்ளைகள் கட்டிக்கொள்வதற்காக வாங்கியது. பாலிதீன் உறை பிரிக்காமல் அதைச் சுவரில் சாய்த்திருந்தார்கள். உள்ளே இருந்து அது மூச்சு முட்டுவதுபோல் பார்த்தது. உட்கார்ந்தால் எழ முடியாதபடி அமுங்குகிற ஒரு சோபாவில் கணவனும் மனைவியும் புதைந்தார்கள். எதிரே, நல்ல உயரமான நாற்காலியில், கனிவு ஒருங்கிணைப்பாளர். தலையைக் கொஞ்சம் சாய்த்துக் கேட்கப் பயிற்சி பெற்றவர். அவர்கள் வாயைத் திறக்கும் முன்பே சாய்த்துவிட்டார்.

அறிவிப்பாளர் உரையைத் தொடங்கினார். கண்ணியத்தைத் தாண்டி எதிர்காலத் தலைமுறைக்குள் நுழையும்போது ஒருங்கிணைப்பாளர் மெல்லக் குறுக்கிட்டார்.

"பிள்ளைய எதுக்கு சார் கேலி பண்றாங்க?"

அறிவிப்பாளரின் உரையில் இந்தக் கேள்விக்கு இடமே இல்லை. மனைவி திரும்பிப் பார்த்தாள். இத்தனை ஆண்டு சேவையில், காரணம் சொல்ல முடியாத ஒவ்வொரு தாமதத்துக்கும் அவர் சொல்லிப் பழகிய விடை தானாகவே வாயில் வந்து விழுந்தது.

"சில தொழில்நுட்பக் காரணங்களால்," என்றார்.

மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். ஒருங்கிணைப்பாளரின் சாய்ந்த தலை சட்டென்று நேரானது.

"சார், நீங்க... ஸ்டேஷன்ல பேசறவரா?"

அதன்பிறகு அந்த அறையில் யாருக்கும் குறை என்று ஒன்று இருந்ததாகத் தெரியவில்லை. செய்தி கேட்டு முதல்வரே தன் அறையிலிருந்து எழுந்து வந்தார். நாள்தோறும் அந்தக் குரலைக் கேட்டுத்தான் வேலைக்கு வருவதாகவும், வண்டி லேட் என்று அவர் சொன்னால் கோபமே வராது என்றும் சொன்னார். கோபமே வராமல் செய்வது பெரிய கலை என்றார். அறிவிப்பாளர் சோபாவிலிருந்து எழப் பார்த்து, முடியாமல், இருந்த இடத்திலிருந்தே கும்பிட்டார்.

அந்த இரைச்சலுக்கு நடுவே மனைவி பேசினாள்.

"மேடம், என் பொண்ணு தண்ணி குடிக்க மாட்டேங்குறா. காலைல குடுத்து விடற பாட்டில் அப்படியே திரும்பி வருது. டாக்டர் பயமுறுத்தறாரு. இந்த ரூமுக்குப் பக்கத்துல இருக்கிற பாத்ரூமுக்கு இடைவேளைல அவளை விட்டீங்கன்னா போதும். வேற எதுவும் வேணாம்."

ஒருங்கிணைப்பாளரின் தலை மறுபடி சாய்ந்தது. உங்கள் வலி எங்கள் வலி என்றார். ஆனால் அது ஊழியர்களுக்கானது. ஒரு பிள்ளைக்கு விட்டால் எல்லாப் பிள்ளைகளுக்கும் விட வேண்டிவரும். கனிவுக் குழு கூடி முடிவெடுக்க வேண்டிய கொள்கை விஷயம். குழு எப்போது கூடும் என்று மனைவி கேட்டாள். ஏற்படும் சிரமத்துக்கு வருந்துவதாக ஒருங்கிணைப்பாளர் சொன்னார்.

அந்த வாக்கியத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்று உலகத்திலேயே நன்றாகத் தெரிந்த மனிதர் அந்த சோபாவில்தான் இருந்தார். ஒன்றும் இல்லை என்று அவருக்குத் தெரியும். மனைவியின் முழங்கை அவர் விலாவில் இடித்தது. அவர் வாயைத் திறந்தார். அதே நேரத்தில் முதல்வரும் திறந்தார். அடுத்த வாரம் பள்ளியில் கனிவு வாரம். பிள்ளைகள் ஒருவரையொருவர் கேலி செய்யக் கூடாது என்று இந்தப் பொன்னான குரலில் ஓர் அறிவிப்பு பதிவு செய்து கொடுத்தால் பள்ளியே கடமைப்பட்டிருக்கும்.

மனைவி கணவனைப் பார்த்தாள். கேட்பதற்கு இதைவிட நல்ல நேரம் வராது. பாத்ரூமைக் கொடு, குரலைத் தருகிறேன் என்று ஒரே வாக்கியம்.

"எனக்கு அவ்வளவு தகுதி இருக்குதான்னு தெரியல," என்றார் அறிவிப்பாளர். இருக்கிறது என்றார்கள். "சரி, பாத்ரூம் விஷயம் மெதுவா ஆகட்டும். நிர்வாகம்னா அவங்களுக்கும் ஆயிரம் சிரமம் இருக்கும்ல," என்று மனைவியைச் சமாதானப்படுத்தினார்.

திரும்பி வரும் வழியில் மனைவி முன்னால் நடந்தாள். வராத இருமலை மட்டும் இரண்டு தடவை இருமினாள்.

கனிவு வாரத்தின் முதல் நாள், மகள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தாள். பையிலிருந்து பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தாள். கழுத்துவரை தண்ணீர் இருந்தது. உதடு வெடித்திருந்தது. அறிவிப்பாளர் மாலை வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். ஒலிபரப்பினார்களா என்று கேட்டார்.

"காலைல ஒரு தடவை, ஒவ்வொரு இடைவேளைலயும் ஒரு தடவை," என்றாள் மகள். "பாத்ரூம் வராந்தாவுலயும் ஸ்பீக்கர் வெச்சிருக்காங்க. எல்லாரும் என்னைப் பார்த்து, ரேடியோவோட அப்பன் ரேடியோன்னாங்க."

சட்டைப் பொத்தானில் இருந்த அவர் விரல் நின்றது. என்னவோ கேட்க வேண்டும் என்று தோன்றியது. தொண்டையைச் செருமினார்.

"குரல் தெளிவா இருந்துச்சா?"

"தெளிவா இருந்துச்சுப்பா," என்றாள் மகள். பிறகு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

உள்ளே இருந்து சத்தம் வரவில்லை. பயணிகளும் இல்லை, கனிவான கவனமும் இல்லை. வீடு நெடுநேரம் காதைக் கொடுத்துக் காத்திருந்தது. மனைவி ஒரு நாற்காலியை இழுத்துவந்து, குளியலறைக் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டாள். அவரைப் பார்க்கவில்லை. அவர் முகம் கழுவாமலே வேலைக்குக் கிளம்பினார்.

அந்தக் கதவுக்கான தாழ்ப்பாள் போன மழைக்காலத்திலேயே வாங்கியாகிவிட்டது. உறை பிரிக்காமல் ஃப்ரிட்ஜின் மேலே இருந்தது.