தீட்டு போட்ட நாலு நாள் லீவு

...மாமியார் ஜோக்காம், மாமியார் ஜோக் சொல்லணுமாம் நான், குடியரசு தினம், கொடி ஏத்தியாச்சு, லட்டு குடுத்தாச்சு, இனி நான் மேடை ஏறி அஞ்சு நிமிஷம் சிரிக்க வைக்கணும், ஆனா "அரசியல் மட்டும் வேணாம்மா"ன்னு ஃபிளாட் அசோசியேஷன் செக்ரட்டரி வீரராகவன் சார் ரெண்டாவது வாட்டி காதுல ஓதிட்டுப் போறாரு, எது சார் அரசியல், நம்ம ஃபிளாட் லிஃப்ட்ல நீங்க ஒட்டுன நோட்டீஸா? 'வேலையாட்கள், குப்பை, நாய் – பின்பக்க லிஃப்ட் மட்டும்', குப்பை அள்ற கண்ணம்மாக்காவுக்கும் குப்பைக்கும் நடுவுல ஒரு கமாதான்... நான் குடியிருக்கிற ஊடு செக்ரட்டரியோட மச்சினருது, அக்ரிமெண்ட் அடுத்த மாசம் முடியுது, இந்த வானகரத்துல என் பேரைக் கேட்டதும் "இப்பதாம்மா வேற ஆளுக்குக் குடுத்தோம்"னு ஆறு ஓனருங்க சொன்னப்புறம் கெடைச்ச ஏழாவது ஊடு, அதான் என் ஊட்டுக்காரர் முதஸ்ஸிர் காலையில தோசையைப் பிச்சிக்கினே கெஞ்சினாரு, "வாயை வெச்சிக்கினு சும்மா இரு ஷாகிதா, மறுபடியும் பூந்தமல்லி, உங்க அம்மா ஊட்டுக்கா போவணும்?" போவேன்யா, போனா இன்னா, பயந்து பயந்து சிரிக்கிறதுக்குப் பேரு சிரிப்பா? அவங்களை மட்டும் சொல்லப் போறதில்ல, என்னையும் சேத்துத்தான் சொல்றேன்.

பேரைக் கூப்பிட்டாச்சு, மைக் கைக்கு வந்தாச்சு, முன்வரிசையில வீரராகவன் சார், கடைசியில தூணோரமா கண்ணம்மாக்கா, அத்தனை சேர் காலியா கெடந்தும் நின்னுகினு... "போன மாசம் முன்பக்க லிஃப்ட் நாலு நாள் ரிப்பேர், ஞாபகம் கீதுங்களா? எல்லாரும் குப்பை லிஃப்ட்லதான் போனோம், செக்ரட்டரி சார் பூஜைக்குப் பூ வாங்கிக்கினு அதுலதான் போனாரு, யாருக்கும் ஒண்ணும் ஆவல, ஏன்னா தீட்டுக்கும் முட்டிவலி, படி ஏற முடியாது, லிஃப்ட் ரிப்பேர்னா அதுவும் லீவு போட்டுடுது!" ஒருத்தரும் சிரிக்கல, யா அல்லா, போச்சுடி ஷாகிதா, மூட்டையைக் கட்டு... கட்டுறேன், சொன்னதைத் திருப்பி முழுங்க மாட்டேன். அப்ப தூணோரத்துலேர்ந்து கண்ணம்மாக்கா, "இன்னா ஷாகிதாம்மா, நீயுந்தான் அந்த நாலு நாளும் துப்பட்டாவால மூக்கைப் பொத்திக்கினு வந்த!" மொத்த ஹாலும் சிரிச்சுது, வீரராகவன் சாரும் தோள் குலுங்க, நானும் சிரிக்கிறேன், ஆனா பொத்தினேனா... பொத்தினேன். "அக்கா சொல்றது நெசம்"னு மைக்லயே சொல்லிட்டு முன்வரிசையில ஒரு சேரை இழுத்துப் போட்டேன், "வாக்கா, ஒக்காரு, மிச்சத்தை நீயே சொல்லு." வீரராகவன் சார் சிரிப்பு அங்கியே நின்னுடுச்சு, நிக்கட்டும், அக்கா வந்துகினு கீது... நோட்டீஸைக் கிண்டல் பண்ண வந்தவ, ரிப்பேர் முடிஞ்ச அன்னிக்கே நான் எந்த லிஃப்டுக்கு ஓடினேன்? பத்து மாசமா எதுல ஏறிகினு கீறேன்? இப்ப ஏழாவது மாடிக்கு எதுல போவேன்?