இரவலுக்குப் போகாத ஆள்

அந்தக் கடற்கரையில் படகுப் பட்டறைக்காரர்கள் ஏணியைக் கேட்பது போல ஆளை இரவல் கேட்பார்கள். ஏணியைக் கொடுப்பது போலவே கொடுப்பார்கள். இல்லை என்று சொன்னவனுக்கு அப்புறம் துறைமுகத்தில் யாரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். அதனால்தான் கானாங்கெளுத்தி மீன்பிடிப் பருவம் தொடங்க நாலே நாள் இருக்கையில், பன்னிரண்டு மைல் தள்ளிப் பட்டறை வைத்திருக்கும் பெரியப்பா மகன் டோட், "படகு அடியில விரிசல் விட்டுடுச்சு, உன் வெல்டரைக் கொஞ்சம் அனுப்பு" என்று போன் போட்டபோது எஃபி மில்ன் யோசிக்கவே இல்லை. ரொடேலியோவை மூன்று நாள் அனுப்பிவிட்டாள்.

ரொடேலியோ செபுவில் கப்பல் கட்டியவன். அவனைப் பிலிப்பைன்ஸிலிருந்து வரவழைக்க, வெளிநாட்டு ஆளை வேலைக்கு எடுப்பதற்கான ஸ்பான்சர் உரிமத்தை எஃபி வாங்கிப் பதினாலு மாதம் ஆகிறது. அந்த நீளக் கரையில் சின்னப் பட்டறைகளில் அவளுடையதற்கு மட்டும்தான் அந்த உரிமம். அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமே உண்டு. வெள்ளிக்கிழமை தோறும் தேநீரோடு உட்கார்ந்து அவனுடைய பதிவுக் கோப்பில் எழுதுவாள்: வந்த நாள், விடுப்பு, வீட்டு விலாசம், வேலை செய்த இடம்.

அந்த வெள்ளிக்கிழமை 'வேலை செய்த இடம்' என்ற கட்டத்தில் பேனா நின்றது. ஸ்பான்சர் செய்து வரவழைத்த ஆள் அவளிடம்தான் வேலை செய்ய வேண்டும். இன்னொருவன் பட்டறைக்கு அனுப்பக்கூடாது. கையெழுத்துப் போடும்போது படித்ததுதான். ஊர்ப் பழக்கம் கண்ணை மறைத்துவிட்டது.

உரிமம் போனால் ரொடேலியோ அறுபது நாளில் வேறு முதலாளியைப் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டும். அவன் மனைவிக்கும் மகளுக்கும் அடுத்த மாதம் விமானச் சீட்டு போட்டாகிவிட்டது. குடியேற்ற அலுவலகத்துக்குத் தானே உண்மையை எழுதிவிடுவது என்று முடிவு செய்து, எஃபி முதலில் டோட்டைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

டோட் போனில் கத்தினான். "நீயே எழுதிக் கொடுக்கப் போறியா? உன் தலையில நீயே மண்ணை வாரிப் போட்டுக்காத! யாருக்குடி தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுதே, போதாதா?"

ரொடேலியோவிடமும் விஷயத்தைச் சொன்னாள். அவன் முகம் வெளுத்தது. கையுறையைக் கழற்றி மேஜையில் வைத்தான்.

"எழுதுங்க மேடம். என்னைக் கேட்டாலும் நான் அதையேதான் சொல்வேன். எனக்குப் பொய் சொல்ல வராது, என் பொண்டாட்டியக் கேட்டுப் பாருங்க."

அன்று மாலையே எஃபி தன் தவற்றை ஒளிக்காமல் குடியேற்ற அலுவலகத்துக்கு எழுதி அனுப்பினாள்.

மூன்று வாரம் கழித்து அந்த அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். பிரிட்சர்ட் என்று பெயர். கொடுத்த ரொட்டியைத் தொடவில்லை. கோப்பின் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். ரொடேலியோவைத் தனியாக அரைமணி நேரம் விசாரித்தார். கடைசியில் பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து மேஜையில் வைத்தார்.

படத்தில் டோட் ரொடேலியோவின் தோளில் கைபோட்டு இளித்துக்கொண்டிருந்தான். 'எங்க எஃபியோட ஆளு, தங்கக் கை! நன்றி!' என்று தன் பட்டறையின் ஃபேஸ்புக்கில் அவனே போட்டது. யாருக்கும் தெரியாது என்று சொன்ன அதே மகராசன்.

"இதை யாரோ எங்களுக்கு எட்டாம் தேதி அனுப்புனாங்க" என்றார் பிரிட்சர்ட். "உங்க கடிதம் நாலாம் தேதியே வந்துடுச்சு. இது முந்தியிருந்தா, இன்னைக்கு என் பேச்சே வேறயா இருந்திருக்கும்." பிறகு ரொட்டியை எடுத்துக் கடித்தார்.

பத்து நாளில் பதில் வந்தது. ஓர் எச்சரிக்கை, உரிமம் அப்படியே இருக்கிறது. எஃபி அந்த எச்சரிக்கையையும் கோப்பின் முதல் தாளாக வைத்தாள். அவள் வாங்கிய எந்தப் பாராட்டும் அவளை அவ்வளவு நிமிர வைத்ததில்லை.

இலையுதிர் காலத்தில் டோட் மறுபடி கூப்பிட்டான். "எஃபி, சுக்கான் பக்கம் தகராறு. அவன் கைதான் வேணும்."

"ஆளு வரமாட்டான். படகு வரட்டும்."

"பன்னிரண்டு மைல் கட்டி இழுக்கணும்டி!"

"கயிறு இல்லன்னா சொல்லு. அதை இரவல் தர்றேன்."

மறுநாள் காலை டோட்டின் படகு கட்டி இழுக்கப்பட்டு, ஊரே பார்க்கத் துறைமுகத்துக்குள் வந்தது. கரைச் சுவரின் மேல் ரொடேலியோவின் மகள் அம்மா கையைப் பிடித்தபடி நின்றிருந்தாள்.

"அவ்வளவு பெரிய படகு யாரைப் பாக்க வருது?" என்று எஃபியைக் கேட்டாள்.

"உங்க அப்பாவை" என்றாள் எஃபி.