தையலுக்கு விட்டு வெட்டிய பாதி

1

இந்தக் கதை ஒரு பீரோவிலிருந்து பிறந்தது. கதைகள் வானத்திலிருந்து இறங்குவதாக நம்பும் வாசகர்கள் இப்போதே எழுந்துபோகலாம், நான் தடுக்க மாட்டேன்.

மனச்சோர்வுக்கு எட்டு வருடமாக மாத்திரை சாப்பிடுகிறவள் நான். போன மாதம் டாக்டர், “மெதுவாகக் குறைத்துப் பார்க்கலாம், முதலில் பாதி” என்றார். அதே மாதம் என் நாத்தனார் வீடு மாறினாள். தனக்கு வேண்டாத பீரோவைக் கேட்காமல் கொள்ளாமல் நான் எழுதுகிற அறையில் இறக்கிவிட்டுப் போனாள்.

2

முதல் தொடக்கம்: “மழை பெய்துகொண்டிருந்தது. அவள் சன்னல் வழியே வெறுமையைப் பார்த்தபடி…”

(மழை பெய்யவில்லை. சன்னலைப் பீரோ மறைத்திருந்தது. மனச்சோர்வு என்றாலே ஒரு பெண்ணைச் சன்னலோரம் கொண்டுபோய் நிறுத்திவிடுகிற எழுத்தாளர்களை என்ன செய்தால் தகும்?)

இரண்டாம் தொடக்கம்: “ஒரு சின்னஞ்சிறு வெள்ளை மாத்திரை அவள் வாழ்க்கையையே…”

தூ.

3

கணவர் பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம். ரொம்ப நல்லவர். நல்லவர்களைக் கதையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது?

தையல்காரர். வீட்டின் முன்னறைதான் கடை. முன்பு ஒருமுறை நான் யாரையும் கேட்காமல் மாத்திரையை ஒரேயடியாக நிறுத்தி, குளியலறைத் தரையில் சுருண்டு கிடந்தபோது தூக்கியவர் அவர்தான். அதனால் இந்த முறை வெட்டும் பொறுப்பை அவரே எடுத்துக்கொண்டார். பாதியாக வெட்டி, கசக்கும் என்று இரண்டு கரண்டிக்கு நடுவே நசுக்கி, சர்க்கரையில் கலந்து தருவார். (நசுக்கலாமா என்று டாக்டரைக் கேட்டுக்கொண்டுதான். என்னைத்தான் எதுவும் கேட்கவில்லை.)

4

“பீரோவ எடுத்துட்டுப் போ” என்றேன்.

நாத்தனார் என்னைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தாள். “அண்ணா, அண்ணி இப்படிப் பேசுற ஆளே கிடையாதே. மாத்திரையக் குறைச்சதுலேர்ந்துதான். பழையபடி முழுசாவே குடுத்துடு.”

“நான் இங்கதான் நிக்கிறேன். எங்கிட்ட பேசு.”

“பாத்தியா, பாத்தியா!”

அதிலிருந்து எல்லாவற்றுக்கும் மாத்திரைதான். குழாய் ஒழுகுகிறது என்றால் மாத்திரை. பக்கத்து வீட்டுக்காரர் பொய் சொல்கிறார் என்றால் மாத்திரை. விஷயம் ஒன்றும் தெரியாத பத்திரிகை ஆசிரியர்கூட முதல் வரைவைப் படித்துவிட்டு, “கொஞ்சம் காட்டமா இருக்கே மேடம், உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?” என்றார். மூன்று வாக்கியம் சேர்ந்தாற்போல் எழுதத் தெரியாத மனுஷனுக்கு என் உடம்பைப் பற்றிக் கவலை.

கேவலம் என்னவென்றால், நானும் நம்பிவிட்டேன். எத்தனையோ வருடம் கழித்து எனக்கென்று ஒரு கோபம் வந்திருக்கிறது. அது என்னுடையதா, காணாமல் போன அந்தப் பாதியுடையதா என்று எனக்கே தெரியவில்லை. பயமாக இருந்தது. கோபமே என்னுடையது இல்லை என்றால், இந்த எழுத்து மட்டும் யாருடைய…

(இந்த வாக்கியத்தை முடிக்கத் தெரியவில்லை. விட்டுவிட்டேன்.)

5

ஒருநாள் காலையில் கடைப்பக்கம் போனேன். வெட்டுமேசையில் பிளேடை வைத்து மாத்திரையை இரண்டாக்கினார். ஒரு பாதியைக் கரண்டியில் போட்டார். யோசித்தார். மறுபாதியில் பெரிய துண்டாக ஒன்றை நறுக்கி அதையும் போட்டார். பிறகு மிச்சத்தையும் கரண்டிக்குள்ளேயே தள்ளிவிட்டார்.

“என்ன பண்றீங்க?”

அவர் கை நின்றுவிட்டது. “தையலுக்கு விட்டு வெட்டினேன்.”

“என்னது?”

“பெருசா வெட்டிட்டா அப்புறம் பிடிச்சுத் தச்சுக்கலாம். குறைச்சலா வெட்டிட்டா ஒட்ட முடியாதும்மா. அன்னைக்குக் குளியலறையில நீ கிடந்தது…”

“முதல் நாள்லேர்ந்தே இப்படித்தானா?”

தலையாட்டினார்.

“தையலுக்குன்னு முழுத் துணியையுமே விட்டுட்டீங்களே!”

ஆக, இந்த ஒரு மாதமும் நான் முழு மாத்திரையில்தான் இருந்திருக்கிறேன். பீரோவை எடுக்கச் சொன்னது முழு மாத்திரைக் கோபம். என் சொந்தக் கோபம். அவரை அடிக்கலாம்போல் இருந்தது. சிரிப்பும் வந்து தொலைத்தது.

6

முடிவு ஒன்று: கணவனும் மனைவியும் கட்டிக்கொள்கிறார்கள். (மழை வேண்டுமானால் இங்கே பெய்துகொள்ளட்டும்.)

முடிவு இரண்டு: நாத்தனார் மன்னிப்புக் கேட்கிறாள். (மாயாஜாலக் கதை எனக்கு எழுத வராது.)

நடந்தது: பிளேடைப் பிடுங்கிக்கொண்டேன். நானே வெட்டினேன், விளிம்பு விடாமல். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

“தலை சுத்தினா சொல்லுவியா?”

“சொல்றேன். ஆனா பீரோவப் பத்திப் பேசினா அது தலைசுத்தல் இல்ல.”

கண்ணைத் திறந்தார். பிறகு தங்கைக்குப் போன் செய்தார். “பீரோவ இன்னைக்கே வந்து எடுத்துக்கோ. இல்லம்மா, அவ முழு மாத்திரையிலதான் சொன்னா.”

இந்தக் கதையில் சில பகுதிகளை முழு மாத்திரையில் எழுதினேன், சிலவற்றை உண்மையான பாதியில். எது எது என்று சொல்லப்போவதில்லை. கண்டுபிடித்துவிட்டதாக நினைக்கும் வாசகர்கள் தாராளமாக என் நாத்தனார் வீட்டுக்குப் போய் அவளோடு பேசிக்கொண்டிருக்கலாம். உட்காரத்தான் இடம் இருக்காது. அங்கே பீரோ நிற்கிறது.