மூன்றாவது மணிக்குப் பிறகு

கோடை வந்துவிட்டால் எங்கள் ஊரே வேறு ஊர். பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கும். பேருந்தில் ஜன்னல் ஓரம் கேட்காமலே கிடைக்கும். அரங்கத்துக்கும் இரண்டு மாதம் பூட்டு. பாட்டு, நாடகம் எல்லாம் வெயில் தாழ்ந்த பிறகு பூங்காவில்தான்.

நான் அரங்கத்தின் வாசல்காரன். நிகழ்ச்சி தொடங்கும் மூன்றாவது மணி அடித்ததும் கதவைச் சாத்துவேன். அப்புறம் எந்தக் கொம்பன் வந்தாலும் இடைவேளை வரை வெளியேதான். மேயரையே நிற்க வைத்திருக்கிறேன். அதனால் எனக்குத் 'தாழ்ப்பாள்' என்று பெயர். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு, மறைப்பானேன்.

அரங்கம் பூட்டுவதற்கு முந்தைய வாரம், என் தங்கை மகள் முதல்முறையாக மேடையில் தனியாகப் பாடினாள். தங்கைக்கு அப்போதே நெஞ்சு சரியில்லை. பேருந்து வராமல், அந்த வெயிலில் நடந்தே வந்திருந்தாள். மணி அடித்து இரண்டு நிமிடம் ஆகியிருந்தது.

"அண்ணா, கொஞ்சம் திறயேன். ஓரமா நின்னுக்கிறேன்."

"தங்கச்சின்னு உன்னை விட்டா நாளைக்கு எவன் என்னை மதிப்பான்? இடைவேளையில விடுறேன், படியில உக்காரு."

"தாழ்ப்பாள்னு சும்மாவா பேரு வெச்சாங்க" என்று சிரித்தாள். பிறகு படியில் உட்கார்ந்து கதவில் காதை வைத்துக்கொண்டாள். அது தடித்த கதவு. ஒன்றும் சரியாகக் கேட்காது.

முக்கால் மணி நேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. வெயில் காலத்தில் நிகழ்ச்சியைச் சீக்கிரம் முடிக்க இடைவேளையை எடுத்துவிடுவார்கள். அந்த அறிவிப்பைக் கதவில் ஒட்டியவனே நான்தான். அப்போதாவது திறந்திருக்கலாம். உள்ளே கடைசிப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கை கதவு வரைக்கும் போய்த் திரும்பி வந்துவிட்டது.

அன்றிலிருந்து பதினெட்டாம் நாள் தங்கை போய்விட்டாள்.

கோடையில் எனக்குப் பூங்காவில் நாற்காலி போடும் வேலை. அங்கே கதவும் இல்லை, மணியும் இல்லை. பாதிப் பாட்டில் வருகிறார்கள், பிள்ளை அழுதால் எழுந்து போகிறார்கள். ஒருவருக்கும் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

கோடையின் கடைசி நிகழ்ச்சியில் தங்கை மகள் பாடினாள். இன்று அவளிடம் நடந்ததைச் சொல்லிவிடுவது, அவள் என்னைக் காறித் துப்பினாலும் சரி என்றிருந்தேன். முதல் வரிசையில் ஒரு நாற்காலியில் யாரையும் உட்கார விடவில்லை.

பாடி முடித்து நேரே என்னிடம் வந்தாள். "அந்த நாற்காலி அம்மாவுக்கா மாமா?"

"ஆமாம்மா. அன்னிக்கு அரங்கத்துல..."

"தெரியும் மாமா. அம்மா சொன்னாங்க."

நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டேன்.

"லேட்டா வந்தும் நீங்க கதவைத் திறந்து முதல் வரிசையில உக்கார வெச்சீங்களாமே! 'உனக்காகத் தாழ்ப்பாளே விலகிச்சுடி'ன்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சாங்க. மேடை வெளிச்சத்துல எனக்கு ஒருத்தர் முகமும் தெரியல. ஆனா அம்மா கேட்டுட்டாங்க இல்ல, அது போதும் மாமா."



"ஆமாம்மா. முதல் வரிசைதான்" என்றேன்.

அடுத்த வாரம் அரங்கம் திறக்கிறது. வாசலுக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.