பெஞ்சில் சும்மா இருந்தவர்

பேருந்து நிலையத்து அறிவிப்பாளரின் பேச்சை உலகத்தில் ஒருவரும் கேட்பதில்லை. எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது, எப்போது கிளம்புகிறது என்று அட்சரசுத்தமாக அவர் சொல்லி வாயை மூடுவதற்குள் நாலு பேர் கண்ணாடிக் கூண்டைத் தட்டி, "சார், அந்த வண்டி எங்க நிக்குது?" என்பார்கள். வீட்டு விஷயம் கேட்கவே வேண்டாம். மனைவி பல் டாக்டர். நாளெல்லாம் வாயைப் பிளந்து படுத்திருப்பவர்களோடு பேசிப் பேசி, எதிராளி பதில் சொல்லுவான் என்ற எண்ணமே டாக்டரம்மாவுக்கு விட்டுப்போயிருந்தது. "இன்னைக்கு என்ன சமைக்கலாம்?" என்று கேட்பார். இவர் யோசித்து வாயைத் திறக்கும்போது அடுப்பில் ஏதோ கொதித்துக்கொண்டிருக்கும்.

அப்பேர்ப்பட்ட டாக்டரம்மா, மகள் வெளியூருக்குப் படிக்கப் போன கையோடு ஒரு குதிரையை வாங்கிவிட்டார். சின்ன வயதிலிருந்தே ஆசையாம். இத்தனை வருடம் குடித்தனம் நடத்திய கணவருக்கு அது அன்றைக்குத்தான் தெரியும். பழுப்புக் குதிரை, நல்ல உயரம், நல்ல கர்வம். தீனி கொஞ்சம் தாமதமானால் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கும். அதனால் லாயத்தில் அதற்கு மாப்பிள்ளை என்றே பெயர் வைத்துவிட்டார்கள். இதில் ஒரு சங்கடம். டாக்டரம்மாவின் தாயார் போனில், "மாப்பிள்ளைக்குக் காய்ச்சல் தேவலையா?" என்று அக்கறையாக விசாரித்தால், "காய்ச்சலா? காலையில ஒரு வாளி கொள்ளு தின்னாரேம்மா" என்று பதில் போகும்.

சும்மா ஏறிச் சுற்றி வந்தால் போதாதா? போதாது. ட்ரெஸ்ஸாஜ் கற்றுக்கொள்ள வேண்டும். அந்தப் பெயரைக் கேட்டதும் ஏதோ துணிமணி சமாச்சாரம் என்று அறிவிப்பாளர் நினைத்தார். வெள்ளைக் கால்சட்டை, கறுப்புக் கோட்டு, கையுறை எல்லாம் வந்து இறங்கியதைப் பார்த்தபோது, நினைத்ததில் பாதி சரிதான் என்று பட்டது. மீதிப் பாதியை டாக்டரம்மா விளக்கினார்: குதிரை நடக்க வேண்டும், ஓட வேண்டும், வட்டம் போட வேண்டும், சொன்ன இடத்தில் சிலையாய் நிற்க வேண்டும். ஆனால் மேலே இருப்பவர் சொன்னது வெளியில் தெரியவே கூடாது. காலின் ஒரு அழுத்தம், இடுப்பின் ஒரு அசைவு, அவ்வளவுதான்.

இந்த வித்தையில் கரைகண்ட ஒரு அம்மாள் வாரத்துக்கு ஒரு முறை அந்த லாயத்துக்கு வருவார். பெரிய மேடம் என்பார்கள். அவருடைய வகுப்பில் ஒரே ஒரு இடம் காலியாகியிருந்தது. டாக்டரம்மாவுக்கு ஒரு பாடம் நடத்திப் பார்த்துவிட்டு, தேறினால் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். போதாதா? அன்றிலிருந்து வீடு வீடாக இல்லை. பாடத்துக்குப் போகும்போது கற்றுக்கொள்ள ஏதாவது மிச்சம் இருந்தால் அவமானம் என்கிற மாதிரி டாக்டரம்மா தயாரானார். சேணத்தைத் தேய்த்த தேய்ப்பில் அதில் முகம் பார்க்கலாம். இரவில் சாப்பாட்டு நாற்காலியில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்துகொண்டு, இல்லாத குதிரையைத் தொடையால் இடுக்கிக்கொண்டே சாதம் பிசைவார்.

"ஏங்க, நீங்க நடுவுல நின்னு ஒவ்வொண்ணாப் படிங்க. நான் செய்யறேன். சத்தமாப் படிக்கணும், மைக் இல்லன்னு நினைச்சுக்கிட்டு" என்று, குதிரை செய்ய வேண்டியதை வரிசையாக எழுதிய ஒரு தாளைக் கையில் கொடுத்தார்.

இப்படித்தான் அறிவிப்பாளர் விடிந்தும் விடியாததுமாக லாயத்து மைதானத்தின் நடுவில் போய் நின்றார். குதிரை என்றால் அவருக்குப் பயம். புலம்பிக்கொண்டே படித்தார். நட. ஓடு. வளைஞ்சு வா. நில்லு. கணீரென்ற குரல். மாப்பிள்ளை நடந்தது, ஓடியது, வளைந்தது, நின்றது. டாக்டரம்மாவுக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. "என் காலு சொல்றது அதுக்கு அப்படியே புரியுதுங்க" என்றார்.

ஒருநாள் படித்துக்கொண்டிருக்கும்போது நிலையத்திலிருந்து போன் வந்தது. மறுமுனையில் இருந்தவன் மூச்சுவிடாமல் பேசினான். "கொஞ்சம் நில்லு. நான் சொல்லி முடிக்கிறேன்" என்றார் அறிவிப்பாளர். மைதானத்தின் அந்தக் கோடியில் வேகமாக ஓடிக்கொண்டிருந்த மாப்பிள்ளை, ஆணியடித்தாற்போல் நின்றது. டாக்டரம்மா அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு தப்பித்தார்.

"பாத்தீங்களா, நிக்கலாமான்னு மனசுல நினைச்சேன், நின்னுடுச்சு" என்றார் மூச்சிரைக்க.

அறிவிப்பாளருக்கு விஷயம் விளங்கிவிட்டது. சந்தேகம் தீர, மெதுவாக, "நட" என்றார். நடந்தது. அவருக்கு உடம்பு சிலிர்த்தது. வாழ்நாளில் அவர் சொல்லி, சொன்னபடி கேட்ட முதல் உயிர் அது. அப்போதே மனைவியிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதற்கப்புறம் அலாரம் அடிக்கும் முன்பே எழுந்து ஷூ மாட்டிக்கொண்டு நிற்க ஆரம்பித்தார். "அடேயப்பா, என்ன அக்கறை" என்றார் டாக்டரம்மா.

பாடத்துக்கான நாளும் வந்தது. டாக்டரம்மா பிடரிமயிரைப் பின்னிப் பின்னிப் பிரித்தார். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "நீங்க பெஞ்சுல சும்மா உக்காருங்க, மேடம் முன்னாடி மானத்தை வாங்காதீங்க" என்று கணவருக்கு உத்தரவு. வேலியோரம் இருந்த பெஞ்சில் அவர் ஒடுங்கி உட்கார்ந்தார். பெரிய மேடம் வந்தார். குள்ளமான அம்மாள், மெல்லிய பேச்சு. அவர் எதையும் படிக்கவில்லை, உத்தரவு எதுவும் கொடுக்கவில்லை.

"நீங்க பாட்டுக்கு ஆரம்பிங்க. நான் பாக்கறேன்" என்று மைதானத்தின் நடுவில் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார்.

டாக்டரம்மா காலை அழுத்தினார். மாப்பிள்ளை அசையவில்லை. மறுபடி அழுத்தினார். அது கொட்டாவி விட்டது. கோட்டின் காலருக்கு மேலே டாக்டரம்மாவின் கழுத்து சிவந்துகொண்டு வந்தது. எத்தனையோ பேரை ஒரு அதட்டலில் வாய் திறக்க வைத்தவர், தேர்வில் ஒன்றும் எழுத வராத குழந்தை மாதிரி சுற்றுமுற்றும் பார்த்தார். அறிவிப்பாளருக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. என்னதான் இருந்தாலும் கட்டிய மனைவி. இது தப்பு என்று தெரிந்தேதான் கையால் வாயை மறைத்துக்கொண்டு, தொண்டைக்குள் சொன்னார்.

"நட."

மாப்பிள்ளையின் காது பெஞ்சுப் பக்கம் திரும்பியது. நடந்தது. பிறகு ஓடியது, வட்டம் போட்டது, மைதானத்தின் நட்டநடுவில், பெரிய மேடத்தின் மூக்குக்கு நேரே, நாலு காலும் சதுரமாய் ஊன்ற நின்றது. டாக்டரம்மா முதுகு வளையாமல், முகத்தில் அமைதி பொங்க உட்கார்ந்திருந்தார். அதுவும் பொய்யில்லை. தானே செய்வதாக அவர் முழுமனதாக நம்பினார்.

"ரொம்ப நாளாச்சு, இப்படி ஒண்ணப் பாத்து" என்றார் பெரிய மேடம். "நீங்க கேக்கறது வெளிய தெரியவே இல்ல. யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?"

"நானாத்தான் மேடம்."

"திங்கக்கிழமையிலேர்ந்து வந்துடுங்க. இடம் உங்களுக்குத்தான்." பெரிய மேடம் பெஞ்சுப் பக்கம் திரும்பினார். "ஒண்ணே ஒண்ணு. கூட யாரையும் கூட்டிட்டு வராதீங்க. அங்க ஆள் உக்காந்தா குதிரை அங்கேயே காதை வைக்குது. கவனம் சிதறுது."

அறிவிப்பாளர் வாயை மறைத்திருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். திரும்பும் வழியெல்லாம் டாக்டரம்மா பேசிக்கொண்டே காரை ஓட்டினார். திங்கட்கிழமை எந்தக் கையுறை போடுவது, மகளுக்கு எப்படிச் சொல்வது, யார் யாருக்கு வயிறு எரியும் என்று ஓயவில்லை. இனி விடியற்காலையில் தனக்கு அங்கே வேலையில்லை என்று நினைக்க நினைக்க அறிவிப்பாளருக்குத் துக்கமாக இருந்தது. அதைவிட, கல்லாய் நிற்கப்போகும் குதிரைமேல் இவள் தனியாக உட்கார்ந்திருக்கப்போவதை நினைத்தால் மனசு கேட்கவில்லை. சொல்லிவிடுவதென்று முடிவு பண்ணினார். சிக்னலில் கார் நின்றது.

"இங்க பாரு. நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. அது உன் காலுக்கு நடக்கல. நான் பெஞ்சுலேர்ந்து சொல்லச் சொல்லத்தான் நடந்துச்சு. அது என் பேச்சைத்தான் கேக்குது."

டாக்டரம்மா அவரைத் திரும்பிப் பார்த்தார். உதடு துடித்தது, கன்னம் குலுங்கியது, ஸ்டியரிங்கில் நெற்றியை முட்டிக்கொண்டு சிரித்தார். பச்சை விளக்கு விழுந்து பின்னால் வண்டிகள் அலறின. அவரால் நிறுத்த முடியவில்லை.

"உங்க பேச்சையா?" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டே கியரை மாற்றி.