தாயம்மா ஊற்றிய கூழ்

ஆடிக் கூழ் அடிபிடித்துவிட்டது. திருவொற்றியூர்க் கடலோரத்துக் குப்பத்தில் அதைவிடக் கெட்ட சகுனம் வேறு கிடையாது. கூழ் கிண்டுகிற பெண் முதல் நாள் பொழுது சாய்ந்ததிலிருந்து பச்சைத் தண்ணீரைத் தவிர எதையும் வாயில் வைக்கக்கூடாது. வைத்தால் எல்லையம்மன் அண்டாவிலேயே காட்டிக்கொடுத்துவிடுவாள் என்பது அந்த ஊரின் நம்பிக்கை. யுத்தம் முடிந்தும் ரேஷன் முடியாத வருஷம் அது. வீட்டுக்கு வீடு கையளவு கேழ்வரகு சேர்த்துக் காய்ச்சிய கூழ்.

துடுப்பை மாற்றி மாற்றிப் பிடித்துக் கிண்டியவர்கள் நீலாவும் தாயம்மாவும். தீய்ந்த வாடை கிளம்பியதும், கூடியிருந்தவர்களின் கண்கள் அத்தனையும் தாயம்மாவின் மேல்தான் விழுந்தன. அவள் பருத்த உடம்புக்காரி. அவளுடைய அம்மாவும் அப்படித்தான், அக்காவும் அப்படித்தான்.

"இன்னாமே தாயம்மா, ராத்திரி எத்தினி சட்டி காலி பண்ணே?" என்றாள் கெங்கம்மா. சுற்றிலும் சிரிப்பு.

"நான் ஒண்ணும் துன்னலக்கா."

"துன்னாமதான் இப்டி கீறியா? நீ குந்துனா கட்டுமரமே முழுகிடும்!"

கோயில் காரியங்களை முன்நின்று நடத்தும் பச்சையம்மா மட்டும் சிரிக்கவில்லை. "துடுப்ப கீழ வை. கூழ நீலா ஊத்தட்டும். அவ ஒடம்ப பாரு, காத்தடிச்சா பறந்துடும். விரதம் இருக்கறவ அப்டி இருக்கணும்."

தாயம்மாவின் கை துடுப்பை விடவில்லை. அவள் மகன் துரை, கட்டுமரம் புரண்டு மார்பில் அடிபட்டுக் கோடை முழுவதும் படுத்துக் கிடந்தவன். அவன் எழுந்து நடந்தால் கூழைத் தன் கையால் ஊற்றுவதாக அம்மனிடம் வேண்டியிருந்தாள். அவன் எழுந்துவிட்டான். வாக்குக் கொடுத்த கையை இப்போது தள்ளிவிட்டால், அவள் எந்த முகத்தோடு மகனை மறுபடி கடலுக்கு அனுப்புவாள்?

விரதத்தை முறித்தது யாரென்று நீலாவுக்குத் தெரியும்.

பசி அவளால் தாங்க முடியாத ஒன்று. மூன்று வேளையும் வயிறு முட்டச் சாப்பிடுகிறவள். ஏனோ அது உடம்பில் ஒட்டுவதே இல்லை. அன்று காலை கையும் காலும் நடுங்கவே, கதவைச் சாத்திக்கொண்டு, புருஷனுக்கு எடுத்துவைத்திருந்த பழைய சோற்றை நின்றபடியே விழுங்கினாள். பிறகு தலைக்கு ஊற்றிக்கொண்டு ஈரக் கூந்தலோடு வந்தபோது, "மூஞ்சில இன்னா களை பாரு" என்று பச்சையம்மா அவள் கன்னத்தில் மஞ்சள் பூசினாள். அந்த மஞ்சள் இப்போது எரிந்தது.

தாயம்மா துடுப்பை வைத்துவிட்டு நகர்ந்தாள். நாலடி போவதற்குள் தள்ளாடி வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"துன்னது ஜெரிக்கலபோல" என்றாள் கெங்கம்மா.

நீலா ஓடிப்போய்த் தாங்கினாள். தாயம்மாவின் கை சில்லிட்டிருந்தது. மூச்சில் வெறும் வயிற்றின் புளித்த வாடை.

"உட்டுடு நீலா. இந்த ஒடம்ப வெச்சிகினு நான் சொன்னா யாரு நம்புவாங்க?" என்றாள் தாயம்மா மெல்ல.

நீலா நிமிர்ந்தாள். "அவ இல்ல. துன்னது நான்தான்."

பச்சையம்மா கண் கலங்கிச் சொன்னாள்: "பாத்தீங்களா, கூட நின்னவளுக்காகப் பழிய தன் மேல போட்டுக்கறா. தங்கமான மனசுமே ஒனக்கு."

"இந்த எலும்புக்குள்ள சோறு எங்க போவும்?" என்று யாரோ சிரித்தார்கள்.

நீலா கூனிக் குறுகினாள். உண்மையைச் சொன்னதற்கும் அவளுக்குப் புகழ்தான் கிடைத்தது. சொல்லவேண்டியதைச் சொல்லியாயிற்று, இத்தோடு விட்டுவிடலாமே என்று ஒரு நினைப்பு வந்ததே, அதுதான் அவளை இன்னும் வெட்கப்படுத்தியது.

விடுவிடுவென்று சன்னதிக்குப் போனாள். தட்டில் எரிந்துகொண்டிருந்த சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தாள். "அம்மா மேல சத்தியம். காலைல பழைய சோறு துன்னேன். கருவாட்ட கடிச்சிகினு, சட்டிய வழிச்சித் துன்னேன்."

சூடத்தின் மேல் பொய்ச் சத்தியம் செய்கிறவள் அந்தக் குப்பத்தில் இல்லை. கெங்கம்மா குனிந்து மணலைப் பார்த்தாள்.

பச்சையம்மா அண்டாவின் பக்கம் திரும்பினாள். கடல் காற்று திசை மாறி அடுப்புத் தீயை ஒரே பக்கமாகச் சாய்த்துக்கொண்டிருந்ததை அப்போதுதான் கவனித்தாள் போலும். விறகைக் கொஞ்சம் வெளியே இழுத்தாள். பிறகு முந்தானையை நனைத்துத் தாயம்மாவின் முகத்தைத் துடைத்து, கூழ் ஊற்றும் செம்பை அவள் கையில் கொடுத்தாள்.

"ஊத்துமே" என்றாள். மன்னிப்புக் கேட்க அவளுக்குத் தெரிந்த வழி அதுதான்.

வரிசையில் கடைசி ஆளாக, பிள்ளைகளுக்குப் பின்னால் நீலா உட்கார்ந்தாள். தாயம்மா வந்து அவள் சட்டியை நிறைத்தாள்.

"நீ மொதல்ல குடி அக்கா" என்றாள் நீலா, தலை நிமிராமல்.

"எல்லாருக்கும் ஊத்திட்டுக் குடிக்கறேன். ஒனக்குப் பசி தாங்காது. இன்னும் கொஞ்சம் ஊத்தட்டா?"

அந்தக் குரலில் குத்தல் துளியும் இல்லை. நீலா தேடித் தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை. சூடுபட்ட கையால் சட்டியை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தாள்.